ஒரு வரியில் அடங்காத சண்டை

வெலிங்டன்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்பு மகள் ஈவ்லினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே நம் மலையில் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் கடல் தாண்டி ஆக்லாந்தில் அப்படியே இருக்க வேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், ரேச்சல் பெரியம்மாவின் வயிற்றிலிருந்து எடுத்த கட்டி கெட்ட கட்டி இல்லை. பரிசோதனை முடிவு நேற்று வந்துவிட்டது, எனக்கும் இப்போதுதான் சோறு இறங்குகிறது. பெரியம்மாவோடு உனக்கு எப்போதிருந்து பேச்சு என்று கேட்பாய், போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாதது இல்லை, அவள் மகள் லோயிஸின் கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் அக்காவும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போனில் வாழ்த்துப் படம் அனுப்புவதோடு சரி. அந்தக் கல்யாணக் கார்டில் கோத்தகிரியில் அவள் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கும் டெய்லர் கமலேஷ் பெயர் இருந்தது, பெண்ணுக்குச் சொந்தச் சித்தப்பாவான உன் அப்பா எட்மண்ட் பெயர் இல்லை. மஞ்சள் அட்டை, ஓரத்தில் தங்க இலை, கமலேஷ் பெயரைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள். அவருக்கே அது மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லை. அப்படி இருக்க இந்த மாத ஆரம்பத்தில் அவளிடமிருந்து ஒரு மெசேஜ், விரலால் தள்ளத் தள்ள முடியவே இல்லை. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம், அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா. முதல் வரியே, அம்மாவின் ஆப்பச்சட்டியை நீ தூக்கிக்கொண்டு போனதை நான் மறக்கவில்லை என்று. அங்கேயே மூடிவிட்டேன். அவள் எழுதியதில் இரண்டு வரிக்கு மேல் நான் எப்போது படித்திருக்கிறேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. என்னென்ன குற்றம் சாட்டியிருக்கிறாள் என்று மட்டும் தெரிந்தால் பதில் சொல்லத் தோதாக இருக்குமே என்று, நீ போன லீவில் என் போனில் போட்டுக்கொடுத்தாயே, நீளமாக இருப்பதைச் சுருக்கிச் சொல்லும் அந்த ஏ.ஐ., அதில் மொத்தத்தையும் போட்டேன். நாலே வரி வந்தது. ரேச்சலுக்கு வயிற்றில் கட்டி, வியாழக்கிழமை கோயம்புத்தூரில் ஆபரேஷன். புற்றுநோயாக இருக்குமோ என்று பயப்படுகிறார். அதற்கு முன் தங்கையைப் பார்க்க விரும்புகிறார். சில பழைய மனவருத்தங்களையும் குறிப்பிடுகிறார். ஏனுங்க இங்க வாங்க, இது நெசமா, இல்ல இதுவா ஏதாச்சும் சேத்துச் சொல்லுதா பாருங்க என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் எழுதியதிலேயே தேடினார். இருந்தது. ஆப்பச்சட்டிக்கும், லோயிஸ் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நான் வராததற்கும் கீழே, போகிற போக்கில் சொன்னது போல இருந்தது. நான் மூடினது மூடினபடியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்.

மறுநாளே புறப்பட்டேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்று, சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். கட்டிலில் கிடந்தபடியே, ஏண்டி தபித்தா இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும் என்றாள். ஏன்க்கா, ஆபரேசன விட ஆப்பச்சட்டிதான் பெருசா, அத மொதல்ல எழுதறதுக்கென்ன என்றேன். அத மொதல்ல எழுதுனா நீ பரிதாபப்பட்டு வருவே, அப்படி ஒண்ணும் நீ வர வேண்டாம்னு நெனச்சேன் என்றாள். சொல்லும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும் வரைக்கும் விடவில்லை.

நல்லபடியாக முடிந்து, கஞ்சி குடிக்க ஆரம்பித்ததும் அவளுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. நான் எழுதுனத முழுசாப் படிச்சியா என்று கேட்டாள். பொய் சொல்ல வாய் வரவில்லை, அந்த நாலு வரியைக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என்னது, சில பழைய மனவருத்தமா, நான் இவ்வளவு எழுதுனதுக்குச் சில மனவருத்தமா என்றாள். அதான்க்கா நானும் கேக்கறேன், சபைக்கே தெரிஞ்ச சண்டை, இதுக்கு ஒரே வரியா என்று நானும் சேர்ந்துகொண்டேன். உனக்கென்னடா தெரியும் எங்களப் பத்தி என்று போனைப் பார்த்து அவள் கத்த, நர்ஸ் ஓடிவந்து பாட்டிகளா இது வார்டு என்று அதட்ட, லோயிஸ் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று போட்ட சண்டை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். அப்புறம் அவள் எழுதியதை ஒரு வரி விடாமல் அவளுக்கே படித்துக் காட்டி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். ஞானஸ்நானத்துக்கு நான் வராதது தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டேன். ஆப்பச்சட்டி எனக்கு அம்மாவே கொடுத்தது, அதில் மாற்றமில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா இங்கே வந்து தங்கப்போகிறாள். அப்பா இப்போதே மாடி ஏற முடியாதவளுக்கு முன்னறையில் கட்டில் போட இடம் ஒழிக்கிறார். அங்கே பிள்ளைகள் பள்ளிக்கே வெறுங்காலோடு போகிறார்கள் என்றாயே, போகட்டும், நம் பிள்ளைக்குச் செருப்புப் போட்டு அனுப்பு. நீயும் வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டைத் தள்ளாதே. இந்தக் கடிதத்தையும் அந்த ஏ.ஐ.யில் போட்டுப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். பெரியம்மா சுகம் என்று சொல்லும், அதை நானே மேலே சொல்லிவிட்டேன், மீதியை உன் கண்ணால் படி.

ஆண்டவர் உங்கள் வாசலையும் வழியையும் காப்பாராக. பெரியம்மாவுக்கு மறக்காமல் போன் செய், உடம்பை விசாரி, பழைய பாட்டு ஏதாவது பாடச் சொல். கல்யாணக் கார்டு பேச்சை மட்டும் நீ எடுக்காதே, அதை நான் கிறிஸ்துமஸுக்கு வைத்திருக்கிறேன்.

உன்னை நினைக்காத நாளில்லாத அம்மா,
எ. தபித்தாள்