குதிரை புதைத்த கல்

அன்புள்ள அம்மாவுக்கு,

தீவில் மழை விட்டுவிட்டது. ஊரே காலி செய்துவிட்டுப் போன பிறகு பூட்டிக் கிடந்த நம் வீட்டைத்தான் எங்கள் அகழாய்வுக் குழு இந்த வாரம் தோண்டுகிறது.

கணப்புக்கு முன்னால் கிடக்கும் பெரிய கல்லைத் தட்டினால் அடியில் பொந்து இருப்பதுபோல் சத்தம் வந்தது. "அடியில குதிரை மண்டை இருக்கும். கால் தட்டி ஆடும்போது தரை முழங்கணும்னு வீட்டுக்கு வீடு புதைப்பாங்கல்ல?" என்றார் எங்கள் குழுத்தலைவர் ஃபெஸ்டி. அவர் படகுத்துறைக்குப் போன நேரத்தில் நான் கடப்பாரையைப் போட்டுக் கல்லைப் புரட்டினேன்.

நம் கல்லின் மேல் மட்டும் நீ யாரையும் ஆடவிட்டதில்லை. ஒருமுறை ஏறிய என்னை, "குதிரைய எழுப்பிடாதடி!" என்று அறைந்தாய்.

மண்டை இருந்தது, மனித மண்டை. பின்பக்கம் மண்வெட்டி அகலத்துக்குப் பிளந்திருந்தது. இடுப்பெலும்பின் மேல் ஒரு பித்தளை பெல்ட் கொக்கி. அந்தக் கொக்கியின் தழும்பு உன் கன்னத்திலும் இருக்கிறது, என் முதுகிலும் இருக்கிறது.

கல்லைப் பழையபடி போட்டு மூடினேன். அதன் மேல் ஏறி, பூட்ஸ் காலால், மூச்சு முட்டும்வரை மிதித்து மிதித்து ஆடினேன்.

"என்ன, குதிரை இருந்துச்சா?" வாசலில் ஃபெஸ்டி சிரித்தார்.

"இருந்துச்சு. நொறுங்கிப் போச்சு, தொட்டா உதிர்ந்துரும். விட்டுட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாஸ்டனிலிருந்து அப்பா கடிதம் போட்டாரா என்று இனி கேட்கமாட்டேன்.

உன் மகள்