சைரன் வைத்த டிராக்

ஆடி, ஞாயிறு இரவு. குற்றாலம்.

இந்தக் கோடை முழுக்க ஊர் ஊராக டி.ஜே. போட்டதில் எனக்குப் பிடித்தது, நானே செய்த அந்த டிராக்தான். சைரனில் தொடங்கும். கோவாவில் சைரனுக்கே கைகள் உயர்ந்தன. இன்று சீசன் விழாவில் சைரன் ஊதியதும் கூட்டம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தது. இங்கே சைரன் என்றால் அருவியில் வெள்ளம். தென்காசிக்காரனான எனக்கே அது மறந்துவிட்டது.

"வெள்ளம் வரல, பாட்டுதான் வருது" என்றேன் மைக்கில். சிரித்தார்கள். பீட் விழுந்ததும் மைதானமே குதித்தது.

சிப்ஸ் கடை அக்கா மேடையோரம் வந்து, "ஏலே, அந்தச் சைரன இன்னொருக்கா போடுலே" என்றாள். நாளை நிஜச் சைரனுக்கும் ஆடிக்கொண்டு நின்றால்? சைரனை வெட்டிவிட்டுப் போட்டேன்.

இன்னும் உயரமாகக் குதித்தார்கள். அந்த பீட் என்னுடையது.