மஞ்சுவைப் பார்த்து எழுதிய முந்நூற்றுப் பத்து

ஆராவிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் எனக்கு ஜன்னலோர இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, அதை ஒரு கிழமைக்குப் பீற்றிக்கொண்டு திரியும் என் அருமை மச்சாள் மஞ்சுவுக்கு,

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருடம். ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா, என் மாமா, எங்கள் வீட்டுக்கு வந்தார். வைத்த தேத்தண்ணியைத் தொடாமலே சொன்னார்: "பிள்ளை, நீதான் எழுத வேணும். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே மூளை எண்டு அவள் எல்லாரிட்டையும் சொல்லித் திரிஞ்சவள். அதை வடிவா எழுது."

ஓம் மாமா என்றேன். எழுத இருந்தால் கை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாய் என்பதுதான் என்னைத் தின்கிறது.

மலரை வாசிக்கப்போகும் சொந்தக்காரருக்கு எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு. ஸ்கொட்லாந்துக்காரருக்கு ஸ்கொட்ஸ் என்று சொந்தப் பேச்சு ஒன்று உண்டு. இப்படித்தான் எழுத வேண்டும் என்று அதற்கு யாரும் சட்டம் போடவில்லை. 'நல்ல' என்ற ஒரு சொல்லையே ஒருவர் guid என்பார், இன்னொருவர் gude என்பார், வடக்கே போனால் gweed. பழைய கடிதங்களிலும் பத்திரங்களிலும் சிதறிக் கிடக்கும் இந்தக் கோலங்களைத் தேடி ஒன்றுசேர்க்க ஒரு கணினி முறை வேண்டுமாம். சுவிஸில் பீல் நகரில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு அந்த வேலை வந்தது. "நீங்கள் சுவிஸ் ஜெர்மனில் ஆளுக்கொரு விதமாக வாட்ஸ்அப் எழுதி வளர்ந்தவர்கள், உங்களுக்கு இது புதிதா?" என்று சொல்லி எங்கள் குழுத்தலைவி அதை எங்கள் இருவர் தலையிலும் கட்டினாள்.

கணினிக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணுவதுதான். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும்? குறைவென்றால் இரண்டும் ஒன்று என்றுவிடும். barne என்று ஒரு சொல் வந்தது. ஓர் எழுத்தை எடுத்தால் barn, களஞ்சியம். குழந்தை என்று பொருள்படும் bairn ஆக்க இரண்டு மாற்றம் வேண்டும். கணினி யோசிக்காமல் பச்சைக் குழந்தையைத் தூக்கிக் களஞ்சியத்துக்குள் போட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு அந்தக் கடிதம் முழுவதையும் வாசித்துப் பிள்ளையை வெளியே எடுத்தாய்.

எந்த இடத்தில் கோடு போடுவது என்று கணினிக்குக் காட்ட, மனிதர் தீர்ப்புச் சொன்ன நானூறு சோடிச் சொற்கள் தேவைப்பட்டன. ஒவ்வொரு சோடியும் ஒரே சொல்தானா? ஓம் அல்லது இல்லை. நீ தனியாக, நான் தனியாக. ஒருவர் விடையை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தால்தான் அதை நம்பலாம். அந்த ஒரு விதிதான் முழு வேலைக்கும் அத்திவாரம். நீ கதிரையைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செய்தாய். எனக்கு உன் முதுகைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

எடி மஞ்சு, நான் அந்த விதியை உடைத்தேன்.

நாங்கள் வீடு மாறின கிழமை அது. சுவிஸில் வீட்டைத் திருப்பிக் கொடுப்பது என்ன பாடு என்று உனக்குத் தெரியும். ஓவன் அடுப்புக்குள் தலையை விட்டுச் சுரண்டி, குழாயில் சுண்ணாம்புக் கறையை விநாகிரி போட்டுத் தேய்த்து, ஜன்னல் சட்டத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அப்படியும் வீட்டைப் பொறுப்பெடுக்க வந்த ஏஜென்சி மனிசி விரலால் தடவிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை விடைகளைக் கொடுக்க வேண்டும். என்னிடம் தொண்ணூறுதான் முடிந்திருந்தது. நீ மதியச் சாப்பாட்டுக்கு இறங்கிப் போனாய். கணினியைப் பூட்டாமல் போனாய். என்னை நம்பித்தானே?

உன் விடைப் பத்தியில் மிச்சம் முந்நூற்றுப் பத்தையும் அப்படியே எடுத்து என்னுடையதில் ஒட்டினேன். ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. ஐமிச்சம் வராமல் இருக்க, பிள்ளைக்கு நாவூறு படாமல் கறுத்தப் பொட்டு வைக்கிற மாதிரி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சத்தை மாற்றிவிட்டேன். எல்லாம் ஐந்து நிமிட வேலை.

திங்கட்கிழமை, அநேகமாக எல்லாச் சோடியிலும் எங்கள் விடை ஒத்துப்போன முடிவைப் பார்த்து நீ துள்ளிய துள்ளல்! "எடியே, பாத்தியே? எங்களுக்கு ஒரே மூளையடி! சின்னனில இருந்தே எனக்குத் தெரியும்." அடுத்த நாள் முழு அலுவலகத்துக்கும் கிப்ஃபெலி என்கிற பிறை பணிஸ் வாங்கி வந்து மேசையில் பரப்பினாய். நானும் ஒன்றை எடுத்துத் தின்றேன். வெட்கம் கெட்டவள் நான்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. ஆசுப்பத்திரியில் வந்து போகிற தாதிக்கெல்லாம், "இவள் என்ர மச்சாள், எங்கட மூளை ஒண்டு" என்று ஜெர்மனில் அறிமுகம் செய்வாய். ஒரு நாள் சொல்லிவிடுவது என்றே வந்தேன். "மஞ்சு, ஒண்டு சொல்ல வேணும்" என்று வாயைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து, "என்னடி, அழப்போறியே?" என்றாய். நான் இல்லை என்று தலையாட்டி, தோடம்பழத்தை உரித்துத் தந்தேன். அதற்குப் பிறகு உன்னைத் தனியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லு?

இப்போது ஸ்கொட்லாந்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். எங்கள் நானூறு சோடியையும் வேறு கணினி முறைகளை அளந்து பார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். உன் பெயரும் என் பெயரும் போட்டு. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. குழுத்தலைவியிடம் போய்ச் சொன்னேன். "எத்தனை?" என்று மட்டும் கேட்டாள். முந்நூற்றுப் பத்து. "முந்நூற்றுப் பத்தையும் திரும்பச் செய்" என்றாள். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மூன்று கிழமை உன் பத்தியைத் திறக்காமல், ஒவ்வொரு கடிதமாக வாசித்துச் செய்தேன். நேற்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பல இடங்களில் நீதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் lum என்றால் புகைபோக்கி, loom என்றால் தறி, இரண்டும் ஒன்றென்று ஏனடி ஓம் போட்டாய்? விசரி! எழும்பி உன் கதிரைப் பக்கம் திரும்பிவிட்டேன், சண்டை பிடிக்க. அங்கே யாரோ குடையைச் சாத்தி வைத்திருந்தார்கள். அப்போதுதான் அழுதேன். செத்தவீட்டில்கூட நான் அப்படி அழவில்லை.

மாமாவிடமும் சொன்னேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். பிறகு, "அவள் சந்தோஷமாத்தானே போனவள், பிள்ளை. அதையும் ஏன் பறிக்கிறாய்?" என்றார். இந்தக் கடிதத்தை அவர் மலரில் போடுவாரோ என்றும் தெரியாது. போடாவிட்டால் கோபிக்க மாட்டேன்.

உன் பத்தியில் ஒரு விடையைக்கூட மாற்றாமல், என்னுடையதை உன்னுடையதுக்குச் சரிசெய்யாமல், இரண்டையும் அப்படியே அனுப்புகிறேன். இது நான் உனக்குத் தரும் சத்தியம். நாங்கள் ஒத்துப்போகாத ஒவ்வொரு இடமும் வெளியே தெரியட்டும். எங்களுக்கு ஒரே மூளை இல்லை மஞ்சு, ஒருநாளும் இருந்ததில்லை. உன்னை மாதிரி யோசிக்கிற ஒருத்தி எனக்கு வேண்டாம். நீதான் வேண்டும்.

உன் அத்தை மகள்,
துஷி
ஆராவ்