அத்தானின் ஃபைல்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். இங்க நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நல்லா இருப்பீங்கன்னு நானா நினைச்சுக்கிறேன், நீதான் ஒரு வரி எழுத மாட்டேங்குறியே. போன் இருக்கேன்னு கேக்காதே. போன்ல பேசினா ரெண்டாவது வார்த்தையிலேயே சொல்ல வந்தது மறந்துடுது. எழுதினா ஒழுங்கா வருது.

விஷயம் இதுதான். நேத்து மத்தியானம் ஒரு சட்டைக்குக் காலர் வெட்டிக்கிட்டு இருந்தேன். தபால்காரர் உங்க ஆஸ்பத்திரி கவர் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போனார். உன் அத்தான் பேருக்கு. உள்ளே ரத்தப் பரிசோதனை முடிவு. பேர், அப்பா பேர், நம்ம வீட்டு விலாசம், ஃபைல் நம்பர், எல்லாம் அவரோடதுதான். நம்பர் எனக்கு மனப்பாடம், எத்தனை தடவை அந்தக் கவுண்டர்ல ஒப்பிச்சிருப்பேன்! ரத்தம் எடுத்த தேதி பிப்ரவரி 24.

டேய், அவர் போய் ஏழு மாசம் முடிஞ்சாச்சு. ஜூலை 19. உங்க ஆஸ்பத்திரியிலதான் போனார், நீதான் கட்டில் பக்கத்துல நின்னே. அப்ப போன மாசம் கையை நீட்டி ரத்தம் கொடுத்தது யாரு?

எடை 68ன்னு போட்டிருக்கு. வெறும் வயித்துல சர்க்கரை 118. இருந்தவரைக்கும் அவருக்கு இருநூறுக்குக் கீழே வந்ததே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, "மேல போனது கீழ வந்துதானே ஆகணும்"னு சிரிப்பார். இப்ப வந்திருக்கு. சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

நீ ரெக்கார்டு ரூம்லதானே இருக்கே. பார்த்துச் சொல்லு.

உன் அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். கவலைப்படும்படி எதுவும் இல்லை. புதிய கம்ப்யூட்டர் வந்த பிறகு பழைய விவரங்கள் சில, தேதி மாறி அச்சாகி வருகின்றன. இதுவும் அவற்றில் ஒன்றாக இருக்கும். தாளைக் கிழித்துப் போட்டுவிடு. யாரிடமும் காட்ட வேண்டாம். மற்றதை நான் கவனித்துக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. தையல் மெஷினே கதி என்று கிடக்காதே.

உன் தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

உன் கடிதமா அது? சுற்றறிக்கை மாதிரி இருந்துச்சு. "கிடைத்தது", "வருகின்றன". என்கிட்ட எப்படா நீ இப்படிப் பேசினே? சின்ன வயசுல பொய் சொல்றப்ப மட்டும்தான் இலக்கண சுத்தமாப் பேசுவே.

இன்னொரு கவர் வந்திருக்கு. சர்க்கரை 92. டாக்டர் பார்த்தா கைதட்டுவார். எடை 69. ஒரு கிலோ ஏறியிருக்கார்.

நான் கிழிக்கல. ரெண்டு தாளையும் மெஷின் டிராயர்ல, அவரோட அளவுச் சீட்டுக்கு மேல வெச்சிருக்கேன். உன்கிட்ட மட்டும் சொல்றேன், பைத்தியம்னு நினைச்சுக்காதே. எங்கேயோ நல்லாச் சாப்பிடுறார், ஒழுங்கா மாத்திரை போடுறார்னு மனசுக்கு ஒரு நிம்மதி. பட்டன் தைச்சுக்கிட்டே எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். காத்துல வாசக்கதவு ஆடினா "நீங்களா?"ன்னு வாய் தானாக் கேட்டுடுது. நேத்து அப்படிக் கேட்டுட்டு, பதில் வரும்னு நின்னேன். எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. திரும்பிப் பார்த்தா பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு கிடந்தது.

இந்தத் தடவை தாள்ல உயரம்னு ஒரு கட்டம் இருக்கு. அதைப் பத்தி இப்ப வேண்டாம்.

அடுத்த மாசமும் வருமாடா?

உன் அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

வராது. வராமல் பார்த்துக்கொள்கிறேன். தயவுசெய்து நீ ஆஸ்பத்திரிக்கு எழுதாதே, நேரிலும் வராதே. இது மேலே போனால் என் வேலையே கேள்வியாகிவிடும். ஏன் என்று இப்போது கேட்காதே.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு உட்காராதே அக்கா. அது அவர் இல்லை. உனக்கே தெரியுமே.

தம்பி


மே 5

தம்பி,

ஆமா, எனக்கே தெரியும். முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

உயரக் கட்டத்துல 163 செ.மீ.ன்னு இருந்துச்சு. உன் அத்தான் 181. இருபத்தாறு வருஷம் அவருக்குச் சட்டை தைச்சவ நான். சமையலறை வாசல் நிலையில அவர் தலை இடிக்காத நாள் உண்டா? அந்தத் தாளைப் பார்த்த நிமிஷமே இது வேற யாரோன்னு புரிஞ்சுபோச்சு. புரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். எனக்கு அடுத்த கவர் வேணும்னு இருந்துச்சுடா. அவ்வளவு ஆசை.

அந்தக் கவர் வந்துடுச்சு. சர்க்கரை 61, பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி. அதோட இன்னொரு தாள். மே 14 காலை ஒன்பது மணிக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு வரணுமாம். கீழே ஒரு வரி: "மருந்து ஒவ்வாமை: எதுவும் இல்லை."

அந்த வரியைச் சொன்னது நான். உன் அத்தானை முதன்முதலா சேர்த்த அன்னிக்கு கவுண்டர்ல கேட்டாங்க, "எதுவும் இல்லைம்மா"ன்னு சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. என் புருஷனுக்காக நான் சொன்ன பதிலை நம்பி, எவரோ ஒருத்தர் உடம்புல ஊசி போடப் போறாங்க. அவருக்கு எது ஒத்துக்கும் எது ஒத்துக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அவர் யாரு? நீ என்ன பண்ணி வெச்சிருக்கே? உடனே எழுது.

அக்கா


மே 9

அக்கா,

சுத்தமான தமிழ் வரல இன்னிக்கு.

அத்தான் போன அன்னிக்கு அவர் ஃபைலை மூட வேண்டியவன் நான். "காலமானார்"னு ஒரு கட்டம் இருக்கும், அதைக் குறிச்சு ஒரு பொத்தானை அமுக்கணும். எத்தனையோ பேருக்கு அமுக்கின கை. அவருக்கு வரல. நாளைக்குப் பண்ணிக்கலாம்னு விட்டேன். அப்புறம் தினம் காலையில வந்ததும் அந்த ஃபைலைத்தான் முதல்ல திறப்பேன். "நிலை: தொடர்கிறது"ன்னு இருக்கும். அதைப் பார்த்துட்டு வேலையை ஆரம்பிப்பேன். யாருக்கு என்ன கெடுதல்னு நினைச்சேன்.

பிப்ரவரியில ஒருத்தர் வந்திருக்கார். அதே பேர், அதே அப்பா பேர், பிறந்த வருஷமும் அதே. கவுண்டர்ல இருந்த பொண்ணு திரையைப் பார்த்து, "நீங்க ஏற்கெனவே இங்க காட்டினவர்தானே?"ன்னு கேட்டிருக்கு. எப்பவோ பல்லு பிடுங்க வந்த மனுஷன், "ஆமா"ன்னுட்டார். அதோட அத்தான் ஃபைல் அவரோடதாயிடுச்சு. டாக்டரும் "பழைய மாத்திரையே தொடரட்டும்"னு எழுதிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது அக்கா. அத்தானோட சர்க்கரை மாத்திரை, ரத்தத்தை இளக்குற மாத்திரை எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு இருக்கார். நீ சந்தோஷப்பட்டியே, 118, 92ன்னு. 61ன்னா ஆள் எந்த நேரமும் மயங்கி விழுவார்.

உன் முதல் கடிதத்தைப் படிச்சப்பவே எனக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. ரகசியமா அவர் விவரத்தை அத்தான் ஃபைல்லேர்ந்து பிரிச்சு எடுக்கப் பார்த்தேன். முடியல. வாயைத் திறந்தா நான் ஃபைலை மூடாதது வெளிய வரும். திங்கட்கிழமை தலைமை டாக்டர்கிட்ட சொல்லிடுறேன். சத்தியமா. நீ வராதே.

தம்பி


மே 15

தம்பிக்கு,

திங்கட்கிழமை நீ சொல்லியிருந்தா புதன்கிழமை அந்தப் பேரைக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.

எட்டரைக்கே போய் உட்கார்ந்துட்டேன். கைப்பையில இறப்புச் சான்றிதழ். ஒன்பது மணிக்கு ஸ்பீக்கர்ல உன் அத்தான் பேர் வந்துச்சு. அவர் போனதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் அவ்வளவு சத்தமாச் சொல்லி நான் கேக்கல. எழுந்துடாதீங்க, யாரும் எழுந்துடாதீங்கன்னு மனசு அடிச்சுக்குது. மூணாவது வரிசையில ஒருத்தர் எழுந்து நின்னார்.

கட்டையான ஆள், நரைச்ச மீசை. நர்ஸம்மா அவர் முகத்தைக்கூடப் பார்க்காம பேரைச் சொல்லி, "நீங்கதானே?"ன்னாங்க. "ஆமா, நான்தான்"னார். சொல்றப்பவே தள்ளாடினார், அவர் சம்சாரம் தாங்கிப் பிடிச்சாங்க. கையெல்லாம் நீலம் நீலமா ரத்தம் கட்டியிருந்தது.

நான் போய் குறுக்க நின்னேன். "இவர் இல்லைம்மா. இந்த ஃபைல்காரர் செத்துப்போயிட்டார். நான் அவர் பொண்டாட்டி"ன்னேன். அந்த மனுஷன் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன். தான் உயிரோட இருக்கோமான்னே அவருக்குச் சந்தேகம் வந்த மாதிரி, நெஞ்சுல கையை வெச்சுப் பார்த்துக்கிட்டார்.

செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனாங்க. நான் சான்றிதழை நீட்டினேன். அதுக்கப்புறம்தான் ஒரு டாக்டரம்மா ஓடி வந்து, அவங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு, பொறுமையா கேட்டாங்க. சம்சாரம் கடகடன்னு கொட்டினாங்க: "ஒருதடவை பென்சிலின் ஊசி போட்டு இவருக்குத் தொண்டை வீங்கி, பிழைச்சதே பெரிய விஷயம்மா. மூணு தடவை சொன்னோம். உங்க ஃபைல்ல அப்படி எதுவும் இல்லையேன்னாங்க. ரிப்போர்ட்டே வரலைன்னோம், தபால்ல அனுப்பியாச்சுன்னாங்க. தெரு பேர் எங்களோடது இல்லைன்னோம். கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டோம்."

டாக்டரம்மா கையில இருந்த தாளைப் பார்த்தாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி போட எழுதியிருந்தது அதே ஊசிதான். உடனே ஆபரேஷனை நிறுத்திட்டாங்க.

உன் ரூம் ரெண்டாவது மாடியில. லிஃப்ட் வரைக்கும் வந்தேன். உன் அத்தான் எண்ணெய் போட்டு ஓட்டின லிஃப்ட். நான் பொத்தானையே தொடல, கதவு தானாத் திறந்துச்சு. உள்ளே யாரும் இல்லை. ஏறல. உன் முகத்துல முழிக்கப் பிடிக்கல.

எனக்கு இனிமே எழுதாதே.


ஜூன் 24

அக்கா,

எழுதாதேன்னு சொன்னே. திட்டிக்கோ, எழுதுறேன்.

திங்கட்கிழமை தலைமை டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். புதன்கிழமை ஸ்பீக்கர்ல அத்தான் பேர் மாடியிலயும் கேட்டுச்சு. நான் காதைப் பொத்திக்கிட்டேன். உன் தம்பி அவ்வளவுதான் அக்கா. நீ கீழே நின்னு பேசினதை மத்தியானம் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் எனக்குக் கால் எழும்புச்சு. எல்லாரையும் கூட்டி வெச்சுக் கேட்டாங்க. கவுண்டர் பொண்ணு அழுதுகிட்டு நின்னுச்சு. நான் எழுந்து, "ஃபைலை மூடாதது நான், தெரிஞ்சும் ரெண்டு மாசம் மறைச்சதும் நான்"னு சொன்னேன்.

வேலை போகல. ரெக்கார்டு ரூம்லேர்ந்து எடுத்து முன் கவுண்டர்ல போட்டிருக்காங்க. இப்ப யாரும் பேரைச் சொல்லி "நீங்கதானே?"ன்னு கேக்கக்கூடாது. அவங்க பேரையும் பிறந்த தேதியையும் அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும். "இது என்னோடது இல்லை"ன்னு ஒருத்தர் சொன்னா, அது தீர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாது. "முப்பது வருஷமா வர்றேன், என்னைத் தெரியாதா உனக்கு?"ன்னு தினம் ஒருத்தர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, ஃபைலை மூடக் கையெழுத்து போட நீ வந்தே. என் வரிசையிலயே வந்து நின்னே. என்னைப் பார்க்கல. நானும் விதிப்படி கேட்டேன். "நோயாளி பேர் சொல்லுங்க." சொன்னே. "நீங்க அவருக்கு என்ன உறவு?" "மனைவி." எழுதிக்கிட்டேன். நீ எனக்கு என்ன உறவுன்னும் சொல்லுவியோன்னு பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்லை. நீ கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டே.

பொத்தானை அமுக்கிட்டேன் அக்கா. இப்ப காலையில திறந்து பார்க்க எதுவும் இல்லை.

தம்பி


ஜூலை 12

தம்பி,

போன ஞாயித்துக்கிழமை அந்த மனுஷனும் அவர் சம்சாரமும் வந்தாங்க. அவங்களுக்குப் போயிருக்க வேண்டிய தாளுங்களைக் கொடுத்துட்டேன். டிராயர் காலியாயிடுச்சு. கொடுக்குறப்ப கை கொஞ்சம் இழுத்துச்சு, மறைக்க மாட்டேன்.

ஆள் தெளிவா இருக்கார். ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுதாம். ஒரு சட்டைக்கு அளவு எடுத்தேன். 163தான்.

அவர்தான் சொன்னார், நீ அவர் வீட்டு வாசல்ல போய் நின்னியாம். "உள்ள வாங்க"ன்னாலும் வராம, நின்னபடியே எல்லாத்தையும் சொல்லி மன்னிப்பு கேட்டியாம். இதை ஏன்டா எனக்கு எழுதல? நல்லது பண்ணினா மட்டும் வாயே திறக்காதே.

உன்னைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. நீ ஃபைலை மூடல, நான் வாயைத் திறக்கல. ரெண்டு பேருக்கும் உன் அத்தானை விட மனசு வரல. கொஞ்சம் தவறியிருந்தா அந்தக் குடும்பம் பெரிய விலை கொடுத்திருக்கும்.

19ஆம் தேதியோட ஒரு வருஷம். சாப்பிட வா. ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோ. இப்பல்லாம் கதவு தட்டினா நான் "நீங்களா?"ன்னு கேக்குறதில்லை. கேட்டா, என்னைக்காவது ஒரு நாள் வெளியேயிருந்து "ஆமா"ன்னு சத்தம் வந்துடுமோன்னு பயம். வந்தா நான் திறந்துடுவேன், அதான் பயம்.

அதனால நீ தட்டினாலும் "நீயா?"ன்னு கேக்க மாட்டேன். யாருன்னு நீயே சொல்லணும். பேர், பிறந்த தேதி, ரெண்டும். அப்புறம் எனக்கு என்ன உறவுன்னும் சொல்லு. திறக்கிறேன்.

உன் அக்கா