நான் கேட்டது பம்பர், வந்தது கூடாரம்

லாங்ரீச்,
ஆகஸ்ட் 14, வியாழன்.

அன்பு மகள் மெரினுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே உன் அப்பா சுகம், நாய் சுகம், புது வண்டியும் ஒருவழியாகச் சுகமாகிவிட்டது. எனக்கு மட்டும்தான் பத்து நாளாக ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஷெட்லாந்துத் தீவில் நீயும் நீ வைத்தியம் பார்க்கிற ஆடுகளும் குட்டைக் குதிரைகளும் காற்றில் பறந்துபோகாமல் இருக்கிறீர்களா என்று எழுது. இதைப் போனில் சொன்னால் என்ன என்பாய். போனை எடுத்த உடனே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் கட்சியைப் பேச ஆரம்பித்துவிடுவார், நீயும் எப்போதும்போல அவர் பக்கம் சாய்ந்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது, அதனால் முழுவதும் படி.

பழைய பிக்கப் வண்டி ஆறு லட்சம் கிலோமீட்டர் ஓடி ஜூன் மாதம் என்ஜின் படுத்துவிட்டது உனக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் இருபத்தொரு பண்ணைகளுக்குத் தபாலும் சாமானும் கொண்டுபோகிறவள் நான். போக வர நானூற்றைம்பது கிலோமீட்டர், அதில் தார் கண்டது நாற்பது. புது பிக்கப் வாங்கியதும் அதில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து ஒரு தாளில் எழுதினேன். கங்காரு மோதினால் தாங்குகிற இரும்புப் பம்பர், பின்னால் புழுதி புகாத கூடு, சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங் பட்டை, கூட ஒரு ஸ்டெப்னி, தண்ணீர்க்கேன் வைக்க இடம், ரேடியோ, அவ்வளவுதான். பதினேழு வருஷம் அந்த மண்ணில் ஓட்டினவள் எழுதின தாள் அது. சாமான் மாட்டுகிற கடைக்காரர் வண்டியை எடுத்துப்போக வருவதாகச் சொன்னது வெள்ளிக்கிழமை, அன்றைக்கு நான் இரவல் வண்டியில் தபாலோடு போயாக வேண்டும், அதனால் தாளை உன் அப்பா கையில் கொடுத்து, இதைக் கடைக்காரரிடம் நீட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனேன். வாயைத் திறந்திருக்கிறார்.

அடுத்த வாரம் வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றபோது யாரோ சுரங்கத்து முதலாளி வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். சக்கரம் என் இடுப்பு உயரம். வண்டியையே நாலு அங்குலம் தூக்கி வைத்திருக்கிறார்கள். நான் தாளில் எழுதினது போக, பக்கவாட்டில் கம்பி, முன்னால் இழுவை வின்ச், கூரை விளிம்பில் வரிசையாக விளக்கு, பின்னால் இழுப்பறைகள், அதில் ஒன்றில் குளிர்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்த கூடாரம். கூரை மேலே கூடாரம், மெரின்! தபால் வண்டியில்! நான் ஐந்தடி ஒரு அங்குலம். தபால் நிலையத்து வாசலில் நாலு பேர் பார்க்க, கதவைப் பிடித்துத் தொங்கி, ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மாடு லாரியில் ஏறுகிற மாதிரி ஏறினேன். உள்ளேயிருந்து ஒருத்தர், "வெர்னா, ஏணி ஒண்ணு பார்சல் போட்டுத் தரவா?" என்று கேட்டார். உன் அப்பாவைக் கேட்டால், "மெரின்கூட சூப்பரா இருக்குன்னு சொன்னாளே" என்கிறார். போட்டோவைப் பார்த்து அப்படிச் சொன்னாயாமே. ஆட்டுக்கு ஊசி போடத் தெரிந்தவளுக்கு அம்மா எப்படி ஏறுவாள் என்று யோசிக்கத் தெரியாதா?

சரி, உயரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன் என்று வை. காலி வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதே திருப்பத்தில் தளும்பியது, பிரேக்குக்கு ஒரு மூச்சு தாமதித்து நின்றது. எனக்குச் சந்தேகம். மாட்டுச் சந்தையில் இருக்கிற எடைமேடைக்குக் கொண்டுபோய் ஏற்றினேன். இந்த வண்டி சுமையோடு சேர்த்து மூவாயிரத்து நூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். ஒரு கடிதம்கூட ஏற்றாமல், டேங்க் நிரப்பி, நான் மட்டும் உட்கார்ந்து, இரண்டாயிரத்து எழுநூற்று எண்பது காட்டியது. வெள்ளிக்கிழமை எனக்குச் சுமை ஐந்நூறு கிலோ வரும். மீதி இடம் எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள். அதிக எடையோடு போய் எங்காவது உருண்டால் இன்சூரன்ஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், அதற்குள் நான் எதையும் பார்க்கிற நிலையில் இருக்க மாட்டேன், அது வேறு விஷயம். எடைச் சீட்டைக் கிழித்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய் உன் அப்பாவை ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரன் டேரல் என்கிறவன், நாற்பது வயசு இருக்கும், கண்ணாடியைத் தலையில் மாட்டியிருந்தான். சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறவள் நான், அவன் என் தலைக்கு மேலே பார்த்து, "என்னண்ணே, வண்டி சிங்கம் மாதிரி நிக்குதா?" என்று உன் அப்பாவைக் கேட்கிறான். எடையைச் சொன்னேன். "ஊர்ல எல்லாரும் இப்படித்தாம்மா ஓட்டறாங்க, எவன் எடை போட்டுப் பாக்கறான்?" என்றான். நான் பார்த்தேனே என்றேன். அப்போது சிரித்தான் பார், அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கை துறுதுறுக்கிறது. "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா. நீங்க உக்காருங்க, ஒரு டீ போடச் சொல்றேன், நானும் அண்ணனும் பேசிக்கறோம்" என்றான். "டீ வீட்டுல இருக்கு. ஓட்டறது நான், கவுந்தா சாவறதும் நான். என் மூஞ்சியப் பாத்துப் பேசு" என்றேன். கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் சாமான் பார்ப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு என் மூஞ்சியைப் பார்த்தான். கழற்ற வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பழைய சக்கரத்தையும் பழைய உயரத்தையும் திருப்பிக் கொடு, பக்கக் கம்பியை எடு, வின்சை எடு, கூடாரத்தை எடு. உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், இழுப்பறையையும் குளிர்பெட்டியையும் நான் எடுக்கச் சொல்லவில்லை. பண்ணைகளுக்குப் போகிற மருந்துக்கு உதவும், என் சாப்பாடும் மத்தியானத்தில் வெந்துபோகாது, பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகக் குளிர்ந்த பால் ஊற்றி டீ குடிக்கலாம் என்று ஆசைப்பட்டேன். அதை வைத்துக்கொண்டாலும் கணக்குச் சரியாக வந்தது. ஆனால் கூடாரம் என்றதும் டேரல் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். "கூடாரத்தையா? அது அண்ணன் ஆசையா கேட்டு வாங்கினதாச்சேம்மா. உங்ககூட தபால் லைனுக்கு வரணும், கடைசிப் பண்ணை பக்கத்துல ஒரு நாள் தங்கி மெதுவாத் திரும்பணும், வீட்டுல தனியா உக்காந்து சுவத்தப் பாத்துச் சலிச்சுப்போச்சுன்னாரே. உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா சுவரில் மாட்டியிருந்த சக்கரம் ஒன்றை, வாழ்நாளில் சக்கரமே காணாதவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே இழுத்துக்கொண்டு வந்து கேட்டேன். முப்பத்தெட்டு வருஷம் ஆட்டு ரோமம் கத்தரித்த மனுஷர், முதுகு ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டு வருஷமாக வீட்டில், அது நமக்குத் தெரிந்ததுதான். "எங்கிட்டச் சொன்னா என்ன?" என்றேன். "என்னன்னு சொல்றது? மூட்டை தூக்க முடியாது, ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சும்மா பாரமா எதுக்கு வரணும்? கூடாரம்னு ஒண்ணு இருந்தா ஒரு நாளைக்கு நீயே வான்னு கூப்பிடுவேன்னு நெனச்சேன்" என்றார். மெரின், எனக்கு வந்த கோபத்தை எந்த எடைமேடையாலும் தாங்கியிருக்க முடியாது. நாற்பத்தோரு வருஷம் ஒரு கூரையின் கீழே இருந்துவிட்டு, மனசில் இருப்பதைக் கண்ணாடியைத் தலையில் மாட்டின ஒருத்தனிடம் சொல்வதாம், எனக்கு அது வாசலில் கூடாரமாக வந்து நிற்பதாம்! நடுத்தெருவில் அதைத்தான் கத்தினேன். கத்தி முடித்ததும், "உன் எடை என்ன?" என்று கேட்டேன். "எதுக்கு?" என்றார். "சொல்லு க்ளைவ்" என்றேன். "தொண்ணூத்தி நாலு" என்றார். உள்ளே திரும்பிப் போய் டேரலிடம், இழுப்பறையையும் குளிர்பெட்டியையும் சேர்த்துக் கழற்று என்றேன். "அது ஒண்ணுதானேம்மா உங்களுக்குப் பிடிச்சிருந்துது?" என்றான். பிடித்திருந்தால் என்ன, அவரும் மருந்தும் சுமையும் தண்ணீரும் போக அதற்கு இடமில்லை.

முந்தாநாள் செவ்வாய் கூட்டிக்கொண்டு போனேன். முன்சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார வைத்தேன். வழியில் பத்தொன்பது கேட், ஒவ்வொன்றிலும் நானே இறங்கித் திறந்து, ஏறி, ஓட்டி, இறங்கி மூடுவேன். இந்தத் தடவை ஒரு கேட்டுக்குக்கூட நான் இறங்கவில்லை. உன் அப்பாதான் இறங்கினார். மெதுவாகத்தான் இறங்குகிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார், ஆனால் அரை மணி முன்னதாகவே முடித்துவிட்டோம். ஏழாவது பண்ணையில் அவர் பழைய நாளில் வேலை செய்த கொட்டகை இருக்கிறது. அந்தப் பண்ணைக்காரர் ஓடிவந்து, "அடேய் க்ளைவ், நீ இன்னும் உசுரோடதான் இருக்கியா? எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே!" என்று தோளில் அறைந்தார். அன்று முழுக்க உன் அப்பா அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வறண்ட ஓடைக்கரையில் நிறுத்தி டீ குடித்தோம், பால் வெதுவெதுவென்றுதான் இருந்தது. அப்போது அவர் கோபம் இல்லாமல், என்னைப் பார்க்காமல், "செவ்வாயும் வெள்ளியும் நீ போனப்புறம் நான் என்ன பண்றேன்னு ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நீ கேட்டதில்ல வெர்னா" என்றார். டேரல்மேல் பாயலாம், உன்மேல் பாயலாம், அவர்மேலேயே பாயலாம். இதற்கு மட்டும் பாய்வதற்கு என்னைத் தவிர யாரும் அகப்படவில்லை. டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

நீ எனக்கு ஒன்று உண்மையாகப் பதில் எழுது. உன்னிடம் இதைச் சொல்லியிருந்தாரா? சொல்லி நீ எனக்குச் சொல்லாமல் இருந்தால், நீ ஊருக்கு வரும்போது அதற்குத் தனிக் கச்சேரி இருக்கிறது. தெரியாது என்றால், கேட்காமலே இருந்ததற்கு உனக்கும் எனக்கும் ஒரே தண்டனை.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரத் துணியோடு நிற்காதே, குதிரையின் பின்பக்கம் நின்று யோசனை பண்ணாதே. ஆண்டவர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், நீ கை வைக்கிற உயிரெல்லாம் எழுந்து நடக்கட்டும். மறக்காமல் ஒரு காரியம் செய். அடுத்த கடிதத்தை எனக்கு எழுதாதே, உன் அப்பா பேரை உறையில் போட்டு எழுது, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல். இருபத்தொரு பண்ணைக்கும் தபால் கொண்டுபோகிறேன், பத்தொன்பது கேட்டையும் திறந்து மூடுகிற அந்த மனுஷருக்குக் கொடுக்க என் பையில் ஒரு கடிதம்கூட இல்லை.

இப்படிக்கு,
இன்னும் கோபம் முழுக்கத் தீராத உன் அம்மா,
வெர்னா பாஸ்கோ.