கிரீன்விச் நேரத்துக்குப் பிள்ளைகளை வரவழைத்தவர் மீது புகார்

அனுப்புநர்:
சு. பாலசுப்ரமணியன்,
உள்ளூர்ச் செயலாளர், விண்ணியல் மாநாட்டு ஏற்பாட்டுக் குழு,
கல்பாக்கம் நகரியம்.

பெறுநர்:
உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
செய்யூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: 08.06.2004 அன்று மாணவ மாணவியர் நாற்பத்து மூன்று பேரை விடியுமுன் மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்து வந்ததற்காகத் தலைமையாசிரியை திருமதி ரேணுகா அவர்களுக்கு அனுப்பப்பட்ட குறிப்பாணையை விலக்கிக்கொள்ளவும், உண்மையில் தவறிழைத்தவர் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவை எழுதுபவனும் இதில் குற்றம் சாட்டப்படுபவனும் ஒருவனே, அது நான்தான். பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரும் நலம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தப் பத்து நாட்களாகக் காலையில் கண் விழித்ததும் எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் இதைத்தான்.

2. மாமல்லபுரம் கடற்கரை விடுதியொன்றில் எங்கள் குழு நான்கு நாள் மாநாடு நடத்தியது. பகலில் ஆய்வுரைகள், ஒரு மாலை பரதநாட்டியமும் விருந்தும். இவற்றுடன் பொதுமக்களுக்காக, சூரியனின் முகத்தைக் குறுக்காக வெள்ளிக் கோள் கடந்து செல்வதைத் தொலைநோக்கியில் காட்டும் நிகழ்ச்சியும் இருந்தது. இது கடைசியாக நிகழ்ந்தது 1882இல். இன்று உயிரோடிருக்கும் எவரும் பார்த்திராத காட்சி என்பதால் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அழைப்பு அனுப்பினோம். அதை எழுதியவன் நான்.

3. வானத்தைப் பார்ப்பவர்கள் உலகெங்கும் ஒரே கடிகாரத்தை வைத்துக்கொள்கிறோம். அது கிரீன்விச் நேரம். நம் ஊர்க் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. இருபத்தாறு ஆண்டுகளாக என் குறிப்பேடுகள் அனைத்தும் அந்த நேரத்தில்தான். அந்தப் பழக்கத்தில், "காட்சி நேரம் 5.13 முதல் 11.25 வரை" என்று அழைப்பிலும் எழுதிவிட்டேன். நம் நேரப்படி அது முற்பகல் பத்தே முக்காலுக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் முடியும். மற்றப் பள்ளிகள் விசாரிக்கவும் இல்லை, வரவும் இல்லை.

4. திருமதி ரேணுகா அவர்கள் விசாரித்தார். ஐந்தாம் தேதி செய்யூரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "சூரியன் உதிக்கிறதே அஞ்சே முக்காலுக்கு. அஞ்சு பதிமூணுன்னு போட்டிருக்கீங்களே சார், சரியா?" என்று கேட்டார். எட்டாம் வகுப்புக் கேள்வி. எவ்வளவு சரியான கேள்வி! அப்போது நான் விருந்துக்கு ரசம் உண்டா இல்லையா என்று சமையற்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கடிதத்தை எடுத்துக்கூடப் பார்க்காமல், "அச்சில் உள்ளது சரிதான் அம்மா, நாங்கள் கணக்குப் போட்டுத்தான் போடுகிறோம்" என்று எரிந்து விழுந்தேன். நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

5. அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. ஊர்க்காரர் முத்துசாமி தம் சவுக்குக் கட்டை லாரியைக் கூலி வாங்காமல் ஓட்டி வந்தார். நாலரை மணிக்கு இருட்டில், ஆளில்லாக் கடற்கரையில் பிள்ளைகள் இறங்கினார்கள். கட்டை கட்டும் கயிற்றை மணலில் நீளமாகப் போட்டு, அதைத் தாண்டி ஒரு பிள்ளையும் அலைப் பக்கம் போகாதபடி திருமதி ரேணுகா காவல் நின்றார். ரோந்து வந்த காவலர்கள் லாரியைப் பார்த்து எழுதிய அறிக்கையே தங்கள் குறிப்பாணைக்கு ஆதாரம் என அறிகிறேன். அறிக்கையில் பிழையில்லை. என் பெயர்தான் அதில் இல்லை.

6. நான் எட்டு மணிக்குச் சாவகாசமாக வந்தேன். சீருடையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கண்டு, "ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்றேன். முத்துசாமி சொன்னதை அப்படியே தருகிறேன்: "இன்னா சார், சூரியனே எந்திரிக்காத நேரத்துக்கு வரச் சொல்லிட்டு, சீக்கிரம்னு வேற கேக்குறீங்க?" அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கடலைப் பார்த்தேன், பிள்ளைகளை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். நாற்பத்து மூன்று. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன் ஐயா. அன்றைய நிம்மதியை இந்த நடையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

7. மாநாட்டினருக்கு வைத்திருந்த இட்லி முழுவதையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வாழைப்பழத்தோடு எழுந்துகொண்டார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பத்தே முக்காலுக்கு, சூரிய வடிகட்டி பொருத்திய தொலைநோக்கியில் முதலில் கண் வைத்தது சரோஜா என்ற ஏழாம் வகுப்பு மாணவி. "வந்துட்ச்சி! மிளகு மாதிரி கீது!" என்று அவள் போட்ட சத்தத்தில் அரங்கில் உரை நிகழ்த்திக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு வெளியே ஓடி வந்தார். பிற்பகல் இரண்டு மணி வரை பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து முறையாவது பார்த்தார்கள்.

8. நேற்று நான் திருமதி ரேணுகாவின் பள்ளிக்குச் சென்றேன். ஏன் பணியிடை நீக்கம் செய்யக்கூடாது என்ற குறிப்பாணைக்கு அவர் அளித்த விளக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தேன். அதில் "நேரத்தை நான் தவறாகப் புரிந்துகொண்டேன்" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. என் கடிதத்தைப் பற்றியோ, தொலைபேசியில் நான் சொன்னதைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. அவர் நேரத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சரியாகப் புரிந்துகொண்டு கேட்டவர் அவர் ஒருவர்தான். உண்மையை ஏன் எழுதவில்லை என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில்: "உங்க மேல பழி போட்டா, அடுத்த தடவ எங்க பசங்கள கூப்பிடுவீங்களா சார்?"

9. ஆகவே, அவர் மீதான குறிப்பாணையை விலக்கிக்கொள்ளுமாறும், இம்மனுவின் நகலை என் மேலதிகாரிக்கு அனுப்பி என்மீது உரிய நடவடிக்கைக்குப் பரிந்துரைக்குமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்குக் கிடைத்த விளக்கத்தை ஏற்றுக் கோப்பை மூடிவிட வேண்டாம் ஐயா. அதில் உள்ள ஒரே வரியும் பொய். பிள்ளைகளுக்காக ஒருவர் தம் வேலையைப் பணயம் வைத்துச் சொன்ன பொய்.

இணைப்பு: நான் கையொப்பமிட்ட அழைப்புக் கடிதம், அசல்.

இடம்: கல்பாக்கம்
நாள்: 18.06.2004

தவறு செய்தவன் என்ற முறையில் ஒப்பமிடும்,
சு. பாலசுப்ரமணியன்