காற்றுவண்டியில் நிற்காத பெல்ட்

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து நாளையோடு ஒரு வருஷம். அங்கேயாவது நாற்றம் இல்லாமல் இருக்கிறதா? இங்கே நம்ம ஏரி இன்னும் நுரை கக்கிக்கொண்டுதான் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தக் கர்மம் தள்ளியிருக்கிற ஈஜிபுரா வரைக்கும் மூக்கைத் தேடி வருகிறது. படகு போனால் ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொள்ளும் என்று, அடியில் காற்றை ஊதி மேலாகவே சறுக்கிப் போகிற ஹோவர்கிராஃப்ட் ஒன்றை ஷெட்டில் செய்தீர்களே, அதைப் பற்றித்தான் சேதி.

அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "அவரு தெவசத்துக்குள்ள அது ஏரியத் தாண்டணும். இல்லேன்னா பழைய இரும்புன்னு குஜிரிக்காரன்கிட்ட போட்டுடுவேன்."

உங்கள் பெண்டாட்டி சொன்னால் செய்வாள். உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் இஞ்சின் மூடியைத் திறந்தேன். உவ்வே. இஞ்சினையும் காற்றாடியையும் இணைக்கிற பெல்ட் மேல் கரப்பான்பூச்சிக் குடும்பமே குடியிருந்தது. பெல்ட் வழுக்காமல் இருக்க வெல்லப்பாகு தடவணும் என்று எந்த மகாராசன் உங்களுக்குச் சொன்னான்? எலி ஒரு ஓரத்தைத் தின்றே விட்டது. நீங்கள் பெல்ட் போட்டீர்களா, பந்தி போட்டீர்களா?

புது பெல்ட் மாட்டினேன். கழன்றது. இஞ்சினைத் தள்ளி வைத்து இறுக்கினேன். கழன்றது. பெல்ட் சுற்றுகிற இரண்டு சக்கரமும் ஒரே நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. "உங்க மாமா மாதிரியே சொன்ன எடத்துல நிக்க மாட்டேங்குதுடா" என்று அக்கா சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம்தான் சக்கரத்தின் பள்ளத்தில் விரலை விட்டேன். கல் மாதிரி என்னமோ. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் சந்தனம், குங்குமம், நல்லெண்ணெய், அதன் மேல் உங்கள் வெல்லம், அதில் செத்த ஈ. ஆயுத பூசைக்கு மட்டுமா, கிளப்புகிற ஒவ்வொரு தடவையும் பெல்ட் ஓடுகிற பள்ளத்திலேயே பொட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தக் கட்டிதான் பெல்ட்டைத் தூக்கி வெளியே தள்ளியிருக்கிறது. வருஷக்கணக்காகப் பெல்ட்டைத் திட்டினீர்களே மாமா, அது என்ன பாவம் செய்தது?

கழுவித் துடைத்து மாட்டினேன். இன்று காலை ஷெட் வாசலில் வண்டி மூச்சுப் பிடித்து எழும்பியது. பெல்ட் இடம் மாறவில்லை. இஞ்சினை அணைத்ததும் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு நேராகச் சக்கரத்துக்கே வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அங்க வேணாம்கா. என் நெத்தியில வை."

வைத்தாள். உங்கள் பங்கையும் சேர்த்து வைத்த மாதிரி, நெற்றி நிறைய.

நாளைக்கு அந்தச் சாக்கடையைத் தாண்டப் போகிறோம். அக்காவும் பின்னால் உட்காருவாளாம். சேலை காற்றாடியில் மாட்டும், சுடிதார் போடு என்றேன்; செருப்பைத் தேடினாள். அவளை அக்கரையில் இறக்கி, உங்களுக்குப் படையல் வைத்த பிறகுதான் நான் வாயில் சோறு வைப்பேன். பொட்டு மட்டும் இனிமேல் மூடிக்கு மேலேதான். சத்தியம்.

மூக்கைப் பொத்திக்கொண்டு,
உங்கள் வாயாடி மச்சான்
ஏழுமலை